நின்று நின்று போகும் பழைய கார்: கார்புரேட்டர் அடைப்பை வீட்டிலேயே எடுப்பது எப்படி

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், ரெட்டிச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி முதல் தடவை நின்றது. எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட வேகத்தைக் குறைத்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் இரண்டு குலுங்கு குலுங்கி அடங்கிவிட்டது. செல்ஃப் போட்டால் பிடிக்கிறது. காலை எடுத்தால் மறுபடி அடங்குகிறது. காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் மட்டும் ஓடுகிறது. அப்படியே சோக்கோடு கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர்ந்தோம். வேகம் குறையும் இடமெல்லாம் வலது காலின் முன்பகுதியால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக அழுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் மாமா. 1997 மாடல் மாருதி 800, அவர் வண்டி. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

புதுச்சேரியில் ஒரு பட்டறையில் காட்டினோம். பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கார்புரேட்டர் போயிடுச்சு, மாத்திடுங்க" என்றார்கள். மாமா ஒன்றும் பேசாமல் பானெட்டை மூடினார். திரும்பி வந்து கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், அவருக்குப் பழக்கமான வயதான மெக்கானிக்கிடம் போனோம். அவர் பானெட்டையே திறக்கவில்லை. "எப்படி நிக்குது தம்பி? அத மொதல்ல சொல்லு" என்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கு. நீயே எடுத்துடலாம்" என்று முடித்துவிட்டார். அவர் சொல்லிக்கொடுத்ததும், அதற்குப் பிறகு நான் செய்த தவறுகளும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

இது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பெட்ரோல் கார்களுக்கு மட்டும்: பழைய மாருதி 800, ஆம்னி, பிரீமியர் பத்மினி, பெட்ரோல் அம்பாசடர். 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகை விதிகள் இறுகியபோது புதிய கார்களில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. உங்கள் வண்டியில் கையால் இழுக்கும் சோக் குமிழ் இருந்தால் கார்புரேட்டர் வண்டிதான், மேலே படியுங்கள். பாகங்கள் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும், வேலை ஒன்றுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

கார்புரேட்டரின் ஒரு பக்கத்தில் சின்னப் பெட்ரோல் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு மிதவை. வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மேலே வந்ததும் குழாய் அடைபடுகிறதே, அதே வேலைதான்: பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், ஊசி வால்வு மூடும். நடுவில் இன்ஜின் காற்றை உறிஞ்சும் தொண்டை. தொண்டை குறுகும் இடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த இழுப்பில் தொட்டியிலிருந்து பெட்ரோல் ஜெட் வழியாக மேலேறிக் காற்றில் கலக்கும்.

ஜெட் என்பது நடுவில் துளை போட்ட பித்தளைத் திருகு, அவ்வளவுதான். ஓட்டத்துக்கு மெயின் ஜெட். காலை எடுத்து வண்டி சும்மா நின்று ஓடும்போது, அதாவது ஐட்லிங்கில், ஸ்லோ ஜெட். இந்த ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். முதலில் அடைபடுவது அதுதான் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தொட்டியில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போனபின் மிஞ்சும் பிசின் போன்ற படிவு ஒரு கடுகளவு இருந்தால்கூடப் போதும்.

வண்டி எப்படி நிற்கிறது

கழற்ற ஆரம்பிக்கும் முன் இதற்கு ஒரு நாள் செலவழியுங்கள். வண்டி நிற்கும் விதத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பட்டறைக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் பாகத்தை மாற்றச் சொன்னால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

காலை எடுத்தால் நிற்கிறது, கொஞ்சம் ரேஸ் செய்தால் ஓடுகிறது, சோக் இழுத்தால் நன்றாகவே ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட்டைச் சந்தேகியுங்கள். சோக் என்பது காற்றைக் குறைக்கும் தகடு. காற்றைக் குறைத்தால் ஓடுகிறது என்றால், சாதாரணமாக ஓடும்போது காற்றுக்கேற்ற பெட்ரோல் கிடைக்கவில்லை என்று பொருள். ஆனால் இதே அறிகுறி இன்னொன்றுக்கும் உண்டு: கார்புரேட்டருக்கு அடியில் உள்ள பேக்கிங் வழியாகவோ, வெடித்துப்போன வேக்குவம் டியூப் வழியாகவோ திருட்டுக் காற்று உள்ளே போவது. இரண்டையும் பிரித்தறிய, சோப்புத் தண்ணீரை ஒரு ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, இன்ஜின் ஓடும்போது கார்புரேட்டரின் அடிப்பகுதியிலும் டியூப் முனைகளிலும் லேசாக அடியுங்கள். எங்கே அடிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. இதற்குப் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான இன்ஜின்மேல் அதைச் செய்யாதீர்கள்.

ஐட்லிங் சரி, ஆனால் ஐந்தாறு கிலோமீட்டர் வேகமாகப் போனபின் இழுவை குறைந்து, விக்கி விக்கி நிற்கிறது. ஓரம் கட்டிச் சில நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது என்றால், பெட்ரோல் கார்புரேட்டருக்கே போதுமான அளவு வரவில்லை. ஃபில்டர், பெட்ரோல் பம்ப், டேங்க் மூடி என்று பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். சந்தேகம் இருந்தால் வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய், வண்டியும் உடனே பிடித்துக்கொண்டால் குற்றவாளி மூடிதான்.

கத்திரி வெயிலில், சிக்னலில் நின்றபின் அடங்கி, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பினால், குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவி அடைத்திருக்கலாம். பம்ப்மேல் ஈரத்துணி போட்டுப் பார்ப்பது பழைய டிரைவர்கள் வழக்கம். உடனே சரியானால் அதுதான். துணி போட்டும் மாற்றமில்லை, ஆறினால்தான் ஓடும் என்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைச் சோதியுங்கள்.

சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென்று, குலுக்கல் எதுவும் இல்லாமல் நின்றால் அது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. பெட்ரோல் கோளாறில் வண்டி இப்படிச் சட்டென்று போகாது, மூச்சுத் திணறித்தான் நிற்கும். இதற்கு நேர்மாறாக, கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, பிளக்கைக் கழற்றினால் கரி என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது: ஊசி வால்வு சரியாக மூடவில்லை, அல்லது மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து அது மூழ்கிவிட்டது. அதற்கும் கார்புரேட்டரைத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் பார்க்க வேண்டிய இடம் வேறு.

கார்புரேட்டரைத் தொடும் முன்

சுலபமானவற்றை முதலில் முடியுங்கள். ஏர் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். பெட்ரோல் ஃபில்டரைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. மாட்டும்போது அதன்மேல் உள்ள அம்புக்குறி பெட்ரோல் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பழைய ஃபில்டரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதிலிருப்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் கொட்டி வையுங்கள், பின்னால் உதவும்.

அடுத்தது, நிறையப் பேர் தவறவிடுவது. பல கார்புரேட்டர்களில், எங்கள் மாருதியிலும், பக்கவாட்டில் ஒரு சின்ன சோலனாய்டு வால்வு இருக்கும், ஒயர் போட்டது. சாவியை ஆன் செய்தால் அது திறந்து ஐட்லிங் பெட்ரோலை விடும். ஆஃப் செய்தால் மூடும். அந்த ஒயர் கழன்றிருந்தாலோ முனை பூத்திருந்தாலோ ஸ்லோ ஜெட் அடைத்ததற்கான எல்லா அறிகுறியும் அப்படியே வரும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஒருவரைப் பக்கத்தில் காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். நம் ஊர் உப்புக் காற்றுக்கு இந்த முனைகள் பச்சை பூப்பது சகஜம். அதோடு வண்டி சரியாகிவிட்டால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

தீ

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பத்தடி தள்ளி இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். ஆகவே மூடிய ஷெட்டில் வேலை வேண்டாம், வெளியில் நிறுத்துங்கள். கொசுவத்திச் சுருள், வாசல் விளக்கு, பக்கத்துச் சமையலறை அடுப்பு எல்லாவற்றையும் பாருங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். தீயணைப்பான் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு பக்கெட் உலர்ந்த மணலாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு மணலுக்கா பஞ்சம்? பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீர்மேல் ஏறிப் பரவும்.

கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். கிளீனரை ஒரு துளையில் அடித்தால் அது எதிர்பாராத இன்னொரு துளை வழியாக நேராக உங்கள் கண்ணுக்கு வரும். எனக்கு வந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தேன்.

கழற்றுவது

வாங்கி வைக்க வேண்டியவை: கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே ஒன்று, உங்கள் மாடலுக்கான ரிப்பேர் கிட் (பேக்கிங், ஓ-ரிங், ஊசி வால்வு எல்லாம் சேர்ந்தே வரும்), புதுப் பெட்ரோல் டியூப், கிளிப்கள். உள்ளூரில் கிட் கிடைக்காவிட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ தேடலாம். பழைய பேக்கிங்கை ஒருபோதும் நம்ப வேண்டாம். கிட் கைக்கு வரும்வரை கார்புரேட்டரைத் திறக்கவே வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் திருகின் பள்ளத்துக்கு அச்சாகப் பொருந்த வேண்டும். பித்தளை ஜெட்டின் தலை ஒரு முறை சிதைந்தால் பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றியதும் செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு டியூபுக்கும் அது போய்ச் சேரும் முனைக்கும் ஒரே நிற நூலைக் கட்டுங்கள். படத்தில் எல்லா டியூபும் கறுப்பாகத்தான் தெரியும், நூல்தான் கைகொடுக்கும். பெட்ரோல் உள்ளே வரும் டியூபும், டேங்குக்குத் திரும்பும் டியூபும் இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

இப்போது முடிவு செய்யுங்கள்: மேல்மூடியை மட்டும் திறப்பதா, முழுதாகக் கழற்றுவதா? ஐட்லிங் கோளாறு மட்டும் என்றால் பல வண்டிகளில் மேல்மூடியைத் திறந்தாலே ஜெட்டுகள் கைக்கு வந்துவிடும். வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தால் முழுதாகக் கழற்றுவதே நல்லது. ஆக்சிலேட்டர் கேபிள், சோக் கேபிள், சோலனாய்டு ஒயர், டியூப்கள், கடைசியாக அடியில் உள்ள நட்டுகள். சில மாடல்களில் ரேடியேட்டர் தண்ணீர் வரும் டியூபும் இருக்கும். அதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள். கார்புரேட்டரைத் தூக்கும்போது சாய்க்காதீர்கள், உள்ளே பெட்ரோல் இருக்கிறது. தூக்கிய உடனே, வேறெதையும் செய்யும் முன், கீழே தெரியும் துளையைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு சின்ன வாஷர் அதற்குள் விழுந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

அடைப்பை எடுப்பது

வெள்ளைத் துணி விரித்த பெரிய தாம்பாளத்தில் வேலை செய்யுங்கள். எடுக்கும் வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டில் சீர்வரிசைத் தட்டு ஒன்று இதற்காகவே தியாகம் செய்யப்பட்டது.

மூடியைத் திறந்ததும் தொட்டியிலுள்ள பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எங்கள் வண்டியில் அடியில் பழுப்புத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, கொஞ்சம் துருத் தூளும். தொட்டியின் சுவரில் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளைப் பொடி. ஈரம்பட்டு உலோகம் அரித்ததன் அடையாளம் அது.

மிதவையின் அச்சை மெதுவாகத் தள்ளி மிதவையை எடுங்கள். காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை. சந்தேகமாக இருந்தால் சுடுதண்ணீரில் அமுக்குங்கள், குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். ஊசி வால்வின் கூர்முனையில் வளையம் போல் தேய்ந்த தடம் இருந்தால் கிட்டில் உள்ள புதியதைப் போடுங்கள்.

ஐட்லிங் கலவையைக் கட்டுப்படுத்தும் திருகைக் கழற்றும் முன் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். அதை உள்நோக்கி மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் அடியில் தட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே முக்கால் என்றால் ஒன்றே முக்கால். தட்டியதும் நிறுத்திவிடுங்கள், இறுக்கினால் அதன் ஊசிமுனை நசுங்கிவிடும்.

இனி ஜெட்டுகள். இரண்டு தொண்டை உள்ள கார்புரேட்டரில் மெயின் ஜெட் இரண்டு இருக்கும். பார்க்க ஒரே மாதிரி, துளை அளவு வேறு. தலையில் உள்ள எண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்த்து எது எங்கே என்று எழுதுங்கள். மாற்றிப் போட்டால் வண்டி ஓடும், ஆனால் ஏதோ சரியில்லை என்று ஒரு மாதம் அலைவீர்கள்.

ஜெட்டைக் கிளீனரில் நனைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு ஸ்பிரேயின் சின்னக் குழாயைத் துளையில் வைத்து அடியுங்கள். அதன்பின் காற்று. கம்ப்ரஸர் இல்லாவிட்டால் பாகங்களை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போகலாம். ஜெட்டை விரல்களுக்கு நடுவே இறுகப் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள், இல்லாவிட்டால் அது பறந்துபோன திசையைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாக, ஓரம் பிசிறில்லாமல் தெரிய வேண்டும். ஓரிடம் மங்கினாலும் மறுபடி ஊறவையுங்கள்.

இங்கேதான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும்: ஒரு ஊசியை விட்டுக் குத்தினால் என்ன? குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்ற உலோகம். எஃகு ஊசி துளையை ஒரு மயிரிழை அகலமாக்கினாலும் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், அந்த ஜெட்டைத் தூக்கித்தான் போட வேண்டும். குத்தியே ஆக வேண்டும் என்றால் மின்சார ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்று, அல்லது தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பு. துறைமுகப் பக்கம் நரம்பு எல்லாப் பருமனிலும் கிடைக்கும். எனக்கு உதவியது இருப்பதிலேயே மெல்லியது. அதை விட்டு எடுத்தபோது எள்ளில் பாதியளவு பழுப்புப் பிசின் ஒன்று துண்டில் விழுந்தது. ஜிப்மர் வரை என் காலை நோகவைத்தது அந்தப் பிசின்தான்.

ஜெட் சுத்தமானால் போதாது, அது உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தொண்டைவரை போகும் வழிகளும் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் கிளீனரை அடித்து, மறுமுனையில் எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். வராத வழி அடைத்த வழி. கலவைத் திருகு இருந்த துளையில் அடித்தால் ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் தகட்டுக்கு அருகிலுள்ள பொடித் துளைகள் வழியாக வர வேண்டும். ஐட்லிங்குக்கு அவைதான் உயிர்நாடி. ரப்பர் பாகங்கள், டயாஃப்ரம், ஓ-ரிங் எதிலும் கிளீனர் படக்கூடாது, உப்பிப் போகும். ஆகையால் அவற்றை முதலிலேயே கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

மாட்டி ஓட்டுவது

வந்த வரிசைக்கு நேர்மாறாகப் போங்கள். ஜெட்டுகளைக் கையால் திருகி ஏற்றிவிட்டுக் கடைசியில் ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவு போதும். அடி நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் அடித்தளம் வளைந்து, இல்லாத காற்றுக் கசிவை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். துளையில் வைத்த துணியை எடுத்தீர்களா என்று இருமுறை பாருங்கள். கேபிள் மாட்டியபின் ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து விடச் சொல்லுங்கள். தகடு முழுக்கத் திறந்து, விட்டதும் "டப்" என்று மூட வேண்டும். மூடாமல் ஒட்டிக்கொண்டால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ரோட்டில் அது உயிருக்கு ஆபத்து.

பேட்டரியை மாட்டிச் செல்ஃப் போடுங்கள். தொட்டி காலியாக இருப்பதால் நிரம்பும்வரை உடனே பிடிக்காது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் விட்டுவிட்டுப் போடுங்கள். பிடித்ததும் முதல் வேலை, எங்காவது பெட்ரோல் கசிகிறதா என்று எல்லா முனைகளையும் பார்ப்பது. ஒரு சொட்டு தெரிந்தாலும் அணைத்துவிடுங்கள்.

டியூனிங் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான், சோக் முழுக்க உள்ளே போன நிலையில். கலவைத் திருகை நீங்கள் எழுதிவைத்த கணக்கில் நிறுத்தியிருப்பீர்கள். இப்போது கால் கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் தடுமாறும். அங்கிருந்து வெளியே திருகிக்கொண்டே வந்தால் சத்தம் சீராகி, வேகமும் மெல்லக் கூடும். கூடுவது நிற்கும் இடம்தான் வேண்டியது. பிறகு வேகத் திருகால் ஐட்லிங்கை மாடலுக்குரிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். மாருதி 800-க்கு நிமிடத்துக்கு 850, 900 சுற்று வாக்கில். டாக்கோமீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர்: ஹெட்லைட்டைப் போட்டாலும் அடங்காமல், அதேசமயம் சும்மா நிற்கும்போது இரையாமல் இருக்க வேண்டும். காது நம்பிக்கை தராவிட்டால் புகைச் சான்று எடுக்கும் இடத்தில் ஒரு தடவை கருவியை வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பழைய கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எண்ணைப் பார்த்துத் திருகைச் சரிசெய்தால் சான்றும் கையோடு வாங்கிவிடலாம்.

டேங்க்

இவ்வளவும் செய்து, வண்டி தேன் போல ஓடியது. நான்காவது நாள் மஞ்சக்குப்பத்தில், நடு ரோட்டில், அதே குலுக்கல், அதே சோக். மெக்கானிக்கிடம் போய் நின்றேன். "டேங்க கழுவினியா?" என்றார். இல்லை. "சாக்கடைய அப்படியே வுட்டுட்டு வாய்க்கால மட்டும் கழுவுனா?" என்று சிரித்தார்.

முதல் நாளே அந்த டம்ளரில் நின்ற பழுப்புத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூரில் கரையோரப் பகுதிகளில் புகுந்தது. மாமா அப்போது நெய்வேலியில் மகள் வீட்டில். வண்டி வெளியில், பாதி டேங்க் பெட்ரோலோடு, மூன்றரை மாதம். பெட்ரோல் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. வேறென்ன வேண்டும்?

இதில் எத்தனாலுக்கும் பங்கு உண்டு. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுவரை தண்ணீரைத் தன்னோடு கலந்து வைத்திருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பம்ப் இழுப்பதும் அடியிலிருந்துதான். டேங்கின் சுவரில் பல வருடமாக ஒட்டிக்கிடந்த பழைய படிவையும் அது இளக்கி ஃபில்டருக்கு அனுப்பும். பழைய ரப்பர் டியூப்களை உள்ளிருந்தே நைந்துபோகச் செய்யும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் சற்று வறண்டுபோகும். பழைய கணக்கில் வைத்த திருகு இப்போது கால் சுற்று கூடுதலாகத் திறக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம்.

டேங்கைக் காலி செய்ய, அடியில் வடிகால் போல்ட் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் கையால் அழுத்தும் பம்ப் வாங்குங்கள். வாயால் உறிஞ்சவே கூடாது, நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். எங்கள் வண்டியில் வந்ததைக் கண்ணாடி பாட்டில்களில் பிடித்தோம். கடைசி பாட்டிலில் கட்டைவிரல் உயரத்துக்குத் தேயிலைச் சாயத் தண்ணீர், அதற்கும் கீழே துரு. மேலே தெளிவாக இருந்த பெட்ரோலும் பெயிண்ட் வாடை அடித்தது. அதையும் திரும்ப ஊற்றவில்லை. சாக்கடையிலும் ஊற்றவில்லை, கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்தோம். இரண்டு லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி, வண்டியை ஆட்டி, அதையும் வடித்துவிட்டு, மூடியின் வாஷரை மாற்றினோம். எத்தனால் தாங்கும் புது டியூப், புது ஃபில்டர் போட்டு, கார்புரேட்டரை மறுபடி ஒரு தடவை கழுவினோம். டேங்கே உதிர்கிற அளவுக்குத் துரு என்றால் கழற்றி ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொடுங்கள். ஓட்டையை வெல்டிங் வைக்க நீங்களே முயல வேண்டாம். காலி டேங்க் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது.

புது ஃபில்டர் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் வகையாக இருக்கட்டும். முதல் மாதம் வாரம் ஒரு தடவை பாருங்கள். பழுப்பாகிக்கொண்டே இருந்தால் டேங்க் இன்னும் சுத்தமாகவில்லை.

பெட்ரோல் போடுவது பற்றி ஒரு வார்த்தை. கடலூர்க்காரர்கள் பாதிப் பேர் விலை குறைவு என்று புதுச்சேரி எல்லை தாண்டித்தான் டேங்க் நிரப்புவோம். ஓடுகிற வண்டிக்கு அது சரி. வாரம் ஒரு முறைகூட எடுக்காத வண்டிக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று நிரப்பி வைத்தால் அது டேங்கிலேயே கெட்டுத்தான் போகும்.

ஐப்பசி மழைக்கு வண்டியை நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் டியூபைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்; கார்புரேட்டர் தொட்டி வறண்டுவிடும், பிசின் படிய ஒன்றும் இருக்காது. அதைச் செய்யச் சோம்பலாக இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவை, வீட்டு வாசலில் உறுமவிட்டு அணைப்பதல்ல, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வாருங்கள். மாமா ஞாயிற்றுக்கிழமை காலையில் சில்வர் பீச் வரை போய்வருகிறார். போகும்போது சோக் இழுத்துத்தான் கிளம்புகிறார். பாரதி சாலை வருவதற்குள் குமிழை உள்ளே தள்ளிவிடுகிறார்.